ஒன்பது வயதுப் பெண்ணோடு 'மிஸஸ் டவுட்ஃபயர்' பார்க்கலாமா? (அவளுக்கு 'அவ்வை சண்முகி' மனப்பாடம்)

சாயப்பட்டறைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இந்தத் தடவை ஒரு யோசனை வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள், நாலாம் வகுப்பு. நானும் அவளுடைய அம்மாவும் பிரிந்து இரண்டரை வருஷம் ஆகிறது. மகள் அம்மாவோடு கரூரில் இருக்கிறாள். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேடு மேட்ச் (கேட்ட கலரும் சாயம் போட்ட கலரும் ஒன்றா என்று பார்க்கும் வேலை) செய்கிறேன். கோர்ட் உத்தரவுப்படி மாதத்தில் இரண்டாவது ஞாயிறும் நாலாவது ஞாயிறும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அவள் என்னோடு. ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் காங்கயம், வெள்ளகோயில் தாண்டி ஒன்பது சொச்சத்துக்குக் கரூரில் இறங்கிவிடலாம். ஒரு பேக்கரி வாசலில் ஒப்படைப்பு நடக்கும். பெரியவர்கள் இரண்டு பேரும் பேசுவது "சாப்பிட்டாச்சு", "சளி மருந்து பையில இருக்கு" என்ற அளவோடு சரி.

பாப்பா வந்ததும் முதல் வேலையாக என் கையைத் திருப்பி நகத்தைப் பார்ப்பாள். என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்த வாரத்து சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். "இந்த வாரம் நேவி. போன தடவை மெரூன்" என்பாள். அதற்கப்புறம்தான் மற்றப் பேச்செல்லாம்.

ஏழு மணி நேரத்தைச் சொந்த வீடு இல்லாத ஊரில் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பசுபதீஸ்வரர் கோயில், அப்புறம் ஒரு பூங்கா, சாயங்காலம் காரம் கம்மியாகப் போட்டு ஒரு கரம் (கரூர்ப் பக்கத்து நொறுக்குத்தீனி). வெயில் ஏறிவிட்டால் வெங்கமேட்டில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் என் கூட்டாளி வீடுதான் கதி. அவன் வீட்டு டிவியில் ஏதாவது படம் பார்ப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கோடை லீவில் பாப்பா அவளுடைய அம்மாயி வீட்டில் 'அவ்வை சண்முகி'யை நாலு தடவை பார்த்திருக்கிறாள். மாமி நடக்கிற நடை, ஜெமினி கணேசன் மாமியைப் பார்த்து வழிகிற வழிசல், எல்லாம் அத்துப்படி. நன்றாகச் சிரிக்க வைப்பாள். போன நாலாவது ஞாயிறு கரம் கடையில் நிற்கும்போது திடீரென்று கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு மேக்கப் போடத் தெரிஞ்ச ஃபிரெண்டு யாராவது இருக்காங்களா?"

"எதுக்கு கண்ணு?"

"இல்ல, நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா நின்னுட்டாங்க. அம்மா வேற ஆள் தேடிட்டு இருக்காங்க."

நான் சிரித்துவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் காங்கயம் வரைக்கும் சிரிப்பு வந்து வந்து போனது. அதற்கப்புறம் வரவில்லை. அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. கணக்குப் போட்டிருக்கிறாள். வேலைக்கு ஆள் வேண்டும், அப்பா மாமியாக வருவார், அம்மாவுக்கு ஒருநாள் தெரிந்துவிடும், கொஞ்ச நேரம் அழுகை, அப்புறம் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். படத்தில் அப்படித்தானே முடிகிறது!

அதனால் அதற்கு மூலமான 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தை (அதிலும் பிரிந்துபோன அப்பா கிழவி வேஷத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறார்) நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒருநாள் தனியாகப் பார்த்தேன். காலேஜில் ஒரு தடவை பார்த்ததில் அடுப்பில் மாரு பற்றி எரிகிற இடம் மட்டும்தான் நினைவிருந்தது. முடிவு சுத்தமாக மறந்துபோயிருந்தது. அதில் அவர்கள் சேர்வதில்லை. எங்கள் தொழிலில், டியூப்லைட்டில் ஒரே கலராகத் தெரியும் இரண்டு துணி வெயிலுக்குக் கொண்டுபோனால் வேறு வேறாகப் பிரிந்து நிற்கும். இந்த இரண்டு படமும் அப்படித்தான் இருக்கின்றன.

இதைப் பாப்பாவுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மூன்று சந்தேகம். படம் ஆங்கிலம், அவள் சப்டைட்டிலை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அமெரிக்காவில் பி.ஜி.-13 (பதிமூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனம் தேவை என்ற சான்று) கொடுத்த படம், சில இடம் ஒரு மாதிரி இருக்கிறது. மூன்றாவதுதான் பெரிசு. அவள் மனசில் இருக்கும் அந்த ஆசையை உடைக்கிற வேலையை ஒரு சினிமாவின் தலையில் கட்டுவது கோழைத்தனமா? குழந்தைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


டென்ட்கொட்டாய்_தம்பி எழுதியது:

அண்ணா, மூன்றாவது சந்தேகத்துக்கு எனக்குத் தகுதி இல்லை, கல்யாணமே ஆகவில்லை. முதல் இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சப்டைட்டில் பற்றிக் கவலை வேண்டாம். அப்பாவாக நடித்த ராபின் வில்லியம்ஸ் உடம்பிலேயே பாதி வசனம் இருக்கிறது. தாண்டிவிட வேண்டியவை மூன்று: நீச்சல் குளத்தில் பியர்ஸ் பிராஸ்னனிடம் (அம்மாவோடு பழகும் ஆளாக வருபவர்) மிஸஸ் டவுட்ஃபயர் ஒரு மாதிரி ஜாடையாகப் பேசும் இடம். குளியலறையில் பையன் பார்த்துவிடும் இடம் (இதைக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், உங்கள் இஷ்டம்). கடைசி ஹோட்டல் காட்சியில் குடித்துவிட்டுப் பேசும் சில வரிகள்.

தாண்டக் கூடாத இடம் கேக். முகமூடி ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்து லாரி ஏறிவிடும். கோர்ட்டிலிருந்து வீடு பார்க்க வந்த பெண் அதிகாரி உள்ளே உட்கார்ந்திருப்பார். நம்ம ஆள் ஃபிரிட்ஜில் இருக்கும் கேக்கில் முகத்தைப் புதைத்து கிரீமோடு எழுந்து வருவார். அந்த மேக்கப்பைப் போட நாலு மணி நேரம் ஆகுமாம். சிறந்த மேக்கப்புக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. ராபின் எப்போது என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது என்பதால், இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்.

முடிவு பற்றி ஒரு தகவல், உங்களுக்கு உதவும். திரைக்கதையின் ஆரம்பகட்ட வடிவங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுவதாகத்தான் இருந்தது. கொலம்பஸ், ராபின் வில்லியம்ஸ், மனைவியாக நடித்த சாலி ஃபீல்ட் மூவரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா அம்மா பிரிந்த குழந்தைகளுக்கு அது பொய் நம்பிக்கை கொடுக்கும் என்பது அவர்கள் கட்சி. ராபினுக்கே 1988-ல் முதல் விவாகரத்து ஆகியிருந்தது, அதில் ஒரு மகனும் உண்டு. படம் வந்தது 1993-ல். நீங்கள் இப்போது படும் கவலையை அவர்களும் பட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் படத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1996 தீபாவளிக்கு வந்த 'அவ்வை சண்முகி'யின் சிரிப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. மாமனார் ஜெமினி, வீட்டுக்காரர் மணிவண்ணன் இருவரும் மாமி பின்னால் அலைவது, பிராமண சமையல்காரராக ஊமை வேஷம் போடும் நாசர், மேக்கப் போடும் நாகேஷ், கிரேசி மோகன் வசனம். அந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு பொய். அத்தனை பொய்யும் அவிழும்போது கல்யாணமும் ஒட்டிக்கொள்கிறது, படம் சுபம். பெயரே நாடகக் கலைஞர் டி.கே. சண்முகத்துக்கு, அதாவது அவ்வையார் வேஷம் கட்டி 'அவ்வை சண்முகம்' ஆனவருக்கு, கமல் வைத்த வணக்கம். சின்ன வயதில் அவர் குழுவில் இருந்தவர் இல்லையா. அது வேஷத்தைக் கொண்டாடும் படம், 'மிஸஸ் டவுட்ஃபய'ரில் வேஷம் மாட்டிக்கொள்கிறது. உங்கள் பாப்பா இரண்டையும் ரசிக்கட்டும்.


கரிசக்காட்டுக்காரி எழுதியது:

மன்னிக்கவும் தம்பி, நான் இதில் எதிர்க்கட்சி. கோவில்பட்டி பக்கம், இரண்டு பையன்கள், ஆறு வருஷமாகத் தனியாக வளர்க்கிறேன். நானும் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அப்பா டேனியலோடு சேர்ந்து சிரிக்கும்போது நான் அம்மா மிராண்டாவோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் பத்து நிமிஷத்தைத் திரும்பப் பாருங்கள். பையன் மார்க்கு மோசம், அதனால் பிறந்தநாள் கொண்டாட்டம் கிடையாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பன் அன்றைக்குத்தான் வேலையை விட்டுவிட்டு வருகிறான். நேரே ஆடு, குட்டிக்குதிரை எல்லாவற்றையும் வீட்டுக்குள் ஓட்டிவந்து பாட்டைப் போட்டு மேஜை மேல் ஏறி ஆடுகிறான். பிள்ளைகளுக்கு அவன் சாமி. ஆபீஸ் முடிந்து வருகிறவள் கண்ணில் படுவது என்ன? சாணியும் சத்தமும். அவள் கத்துகிறாள். கத்தினவள் கெட்டவள், ஆடினவன் நல்லவன். பதினாலு வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது. எத்தனை வீட்டில் இந்தப் பங்குபாகம் என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்களும் ஞாயிற்றுக்கிழமை அப்பா. கரம், கோயில், சினிமா. மிச்சம் இருக்கிற இருபத்தெட்டு நாளும் வீட்டுப்பாடம், வயிற்றுவலி, யூனிஃபார்ம் அயர்ன், பள்ளிக்கூட வாட்ஸப் குழு, தலையில் பேன். உங்களைக் குத்த எழுதவில்லை. ஆனால் பாப்பாவின் கணக்கை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. "அம்மா ஆள் தேடிட்டு இருக்காங்க" என்று சொன்னாள் பாருங்கள், அம்மா ஒண்டியாக அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் கேட்டது வேஷம் போட ஆளையா, வேலைக்கு ஆளையா?

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த விஷயமும் அதுதான். முதல் நாள் சமையலில் எல்லாம் தீய்ந்துபோய், வெளியில் ஆர்டர் செய்து தட்டில் வைத்துத் தான் செய்ததாகக் காட்டுகிறான். அப்புறம் நிஜமாகவே கற்றுக்கொள்கிறான். டிவியை அணைத்துப் பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்கிறான். அத்தனை வருஷம் அவள் சொன்னபோது எரிச்சலாக இருந்ததையெல்லாம் பாவாடை கட்டிக்கொண்டு தானே செய்கிறான். இதற்கு எதற்கு நாலு மணி நேர மேக்கப்? பேன்ட் சட்டையோடேயே செய்திருக்கலாம்.

இன்னொரு இடம். சிரிப்பே இல்லாத இடம், அதனால் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். மிராண்டா கிழவியிடம் மனசு விட்டுப் பேசுகிறாள். அவனோடு இருக்கும்போது தனக்கே தன்னைப் பிடிக்காமல் போனதைச் சொல்கிறாள். எதிரே முகமூடிக்குள் உட்கார்ந்து புருஷன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு ஜோக்கும் அடிக்க முடியவில்லை. கல்யாண வாழ்க்கையில் அவள் பேச்சை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் இருக்கும். ராபின் வில்லியம்ஸ் கண்ணை மட்டும் பாருங்கள். அந்த மனுஷன் பெரிய நடிகர், அதை நான் மறுக்கவில்லை.

ஹோட்டலில் அந்தப் பிராஸ்னனுக்கு ஒவ்வாது என்று தெரிந்தே சாப்பாட்டில் மிளகாய்ப் பொடியைப் போடுவான். அது குறும்பு இல்லை, கொலை முயற்சி. பாப்பாவிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்விக்குப் பதில்: காட்டுங்கள். கூடவே பேன் சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். படம் ஓடும் இரண்டு மணி நேரமும் அவள் தலை உங்கள் மடியில்தானே இருக்கும்.


சாயப்பட்டறைக்காரன் எழுதியது:

அக்கா, காலையில் படித்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். நல்லவேளை, அன்றைக்கு ஒரு லாட் ஷேடு தப்பி மறுபடி டிப் போட வேண்டியதாகிவிட்டது, ராத்திரி வரை போனையே எடுக்கவில்லை.

எங்கள் கதை குட்டிக்குதிரைக் கதை இல்லை. அதை இங்கே எழுதவும் மாட்டேன், அவளுடைய அம்மா பக்கத்து நியாயம் இங்கே பதில் சொல்ல வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பா என்றது சரியாக விழுந்தது. பள்ளிக்கூட வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரியும்.

பேன் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? போன தடவை தலையைச் சொறிந்துகொண்டேதான் இருந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.


கறுப்புக்கோட்டு_ஜூனியர் எழுதியது:

சினிமாவுக்கு நடுவில் ஒரு சின்னச் சட்டக் குறிப்பு. 1956-ம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்கும். அதற்கு மேல் 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டம், இன்றைக்கும் அதுதான். குழந்தையின் நலனைத்தான் கோர்ட் பார்க்கும். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தை என்ன விரும்புகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதனால் இந்தப் படத்தைக் காட்டிவிட்டு "பார்த்தியா, அந்த அப்பா எவ்வளவு பாவம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட வேண்டாம் சார். சொல்லிக்கொடுத்த பேச்சு எது என்று நீதிபதிகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பார்க்கும் நேரம் பற்றிய உத்தரவு கல்வெட்டு இல்லை. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்டு மனுப் போடலாம், இரண்டு பேரும் சம்மதித்தால் இன்னும் சுலபம். படத்தில் முதல் தீர்ப்பில் டேனியலுக்கு வாரத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்று மாதத்தில் வேலையும் வீடும் தேடிக் காட்ட வேண்டும். குட்டு உடைந்தபின் அதுவும் போய், மேற்பார்வையாளர் முன்னால் மட்டும்தான் பார்க்கலாம் என்று ஆகிவிடுகிறது. கடைசியில் அதை மாற்றுவது அம்மாதான். எங்கள் சீனியர் அடிக்கடி சொல்வது, கோர்ட் கொடுப்பதைவிட எதிர்த்தரப்பு மனசு வைத்துக் கொடுப்பது எப்போதும் ஒரு மணி நேரம் அதிகம்.

(மாமி வேஷத்துக்கு நான் ஆஜராக மாட்டேன்.)


மலைக்கோட்டை_பேத்தி எழுதியது:

நான் அந்தப் பாப்பாவாக இருந்தவள். இப்போது முப்பதைத் தாண்டியாயிற்று.

எனக்கு எட்டு வயதில் அப்பா போனார். திருச்சியில் பாட்டி வீட்டில்தான் வளர்ந்தேன். 'அவ்வை சண்முகி' டிவியில் எப்போது போட்டாலும் பார்ப்பேன். மாமிக்காக இல்லை, கடைசிப் பத்து நிமிஷத்துக்காக. விளம்பர இடைவேளையில்கூட எழுந்து போக மாட்டேன். வீட்டில் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவர்கள் கையை உற்றுப் பார்ப்பேன். அப்பா கையில் மணிக்கட்டுப் பக்கம் தீக்காயத் தழும்பு ஒன்று உண்டு. பூக்காரம்மா, காஸ் போடுகிற அண்ணன், கீரைக்காரப் பாட்டி, ஒருத்தரையும் விட்டதில்லை. பன்னிரண்டு வயது வரைக்கும் இது நடந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

யாராவது நேரில் சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன், ஒரு வாரம் காய்ச்சல் வந்திருக்கும். நாலு வருஷம் கீரைக்காரப் பாட்டி கையைப் பார்த்திருக்க மாட்டேன்.

'மிஸஸ் டவுட்ஃபயர்' கல்லூரியில் பார்த்தேன். கடைசியில் அந்தக் கிழவி டிவி நிகழ்ச்சியில் ஒரு சின்னப் பெண்ணின் கடிதத்தைப் படிப்பார். அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், நாங்கள் இனி குடும்பம் இல்லை என்று அண்ணன் சொல்கிறான், நிஜமா என்று கேட்டிருப்பாள். சில அப்பா அம்மா தனித்தனியாக இருந்தால்தான் சண்டை இல்லாமல் இருப்பார்கள், சிலர் திரும்பச் சேருவார்கள், சிலர் சேர மாட்டார்கள், அதற்கு நீ காரணம் இல்லை என்கிற மாதிரி பதில் வரும். ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கிய பிறகு அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

எனவே அண்ணா, கோழைத்தனமா என்று கேட்டீர்களே. படத்தைக் காட்டிவிட்டு நீங்கள் சும்மா இருந்தால் ஆமாம். படத்துக்கு முன்னாலோ பின்னாலோ உங்கள் வாயால் இரண்டு வரி சொல்லிவிடுங்கள். நீளமாக வேண்டாம். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள், எங்களுக்கு அதுதான் முக்கியம்.


சாயப்பட்டறைக்காரன் எழுதியது:

நேற்று இரண்டாவது ஞாயிறு. பார்த்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மலைக்கோட்டைத் தங்கச்சி, உங்கள் பதிலைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. பாப்பா வந்ததும் என் நகத்தைப் பார்ப்பது வெறும் விளையாட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பேன் சீப்பு வாங்கினேன். மரச் சீப்பு, இருபக்கமும் பல். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூட்டாளி வீட்டில் பதினொரு மணிக்குப் படத்தைப் போட்டோம். கீழே வெள்ளைத் துண்டை விரித்து, பாப்பாவை முன்னால் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, நான் சீப்பும் கையுமாக. கூட்டாளி சம்சாரம் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணா, அடியில இருந்து வாங்கோணும், நீங்க மேலாப்பல கோடு போட்டுட்டு இருக்கறீங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

கேக் காட்சியை மூன்று தடவை ஓட்டச் சொன்னாள். கிரீம் உருகி டீ கோப்பைக்குள் சொட்டும்போது சிரித்த சிரிப்பில் துண்டில் இருந்த பேனெல்லாம் சிதறிவிட்டது. எண்ணிக்கை அவள் பொறுப்பு, அதுவரை பதினொன்று. டிவியைப் பார்த்துக்கொண்டே "பன்னண்டு", "பதிமூணு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். சப்டைட்டில் படிப்பதை அரை மணியிலேயே விட்டுவிட்டாள், கேட்டதற்கு மட்டும் நான் சொன்னேன். மிளகாய்ப் பொடி வந்தபோது கரிசக்காட்டு அக்கா சொன்னபடி சொன்னேன். "தெரியும்ப்பா, எங்க க்ளாஸ்ல ஒருத்தனுக்கு வேர்க்கடலை ஆகாது" என்றாள். இவ்வளவுக்கு நான் பயந்தேனே என்று இருந்தது.

மிராண்டா மனசு விட்டுப் பேசும் இடத்தில் சீப்பு நின்றுவிட்டது போலிருக்கிறது. "அப்பா, சீவுங்க" என்றாள்.

ஹோட்டலில் முகமூடி கழன்றதும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கோர்ட் காட்சியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் அந்தக் கடிதம் வந்தபோது நான் படத்தை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவங்க சேரலையா?"

"இல்ல கண்ணு."

"பார்ட் டூ இருக்கா?"

"இல்ல. எடுக்கலாம்னு நெனச்சாங்க. அந்த நடிகர் செத்துப்போயிட்டார்."

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு வரி வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "நானும் அம்மாவும் திரும்ப ஒரே வீட்டுல இருக்க மாட்டோம் கண்ணு. மாமி வேஷம் போட்டாலும் அதுதான். ஆனா நான் வந்துட்டேதான் இருப்பேன்."

திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய்த் தலையை என் முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு துண்டில் இருந்ததை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை, முகம் அந்தப் பக்கம் இருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:

"ரெண்டாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு. அஞ்சாவது ஞாயிறு வந்தா யாருது?"

வக்கீல் தம்பி, இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கும். எங்கள் உத்தரவில் ஐந்தாவது ஞாயிறைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டரை வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

பேக்கரி வாசலில் விடும்போது மொத்தம் இருபத்தொன்று என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் முகர்ந்து பார்த்தார். பஸ் வெள்ளகோயில் தாண்டும்போது எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. மருந்து, ஃபீஸ் தவிர வேறு எதற்கும் அந்த நம்பரிலிருந்து எனக்கு மெசேஜ் வந்ததில்லை.

"இடது காதுக்குப் பின்னால அப்படியே விட்டுட்டீங்க."

உண்மைதான். ஷேடு பார்க்கிறவன் போயும் போயும் டியூப்லைட்டில் உட்கார வைத்துப் பேன் பார்த்திருக்கிறேன். நாலாவது ஞாயிறு கூட்டாளி வீட்டு வாசலில் வெயில் படுகிற இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.